பிள்ளை செய்த பாவம் என்ன?

ஒரு மஹல்லாவிலிருந்து வந்த கடிதம் பல நாட்களாக என் மேஜை மேல் கிடக்கிறது. மத்ரஸாவில் சேர்க்க அழைத்து வந்த ஏழு வயதுப் பையனை, விண்ணப்பத்தில் தகப்பன் பெயர் எழுதவில்லையென்று திருப்பியனுப்பி விட்டார்களாம். தாய் நிக்காஹ் ஆகாதவள். தகப்பன் யாரென்பது ஊரறிந்த சங்கதி. அவர் இன்றும் முதல் ஸஃப்பில் நின்று தொழுகிறார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. "இது ஷரீஅத்தின் தீர்ப்புத்தானா?" என்று எழுதியவர் கேட்கிறார்.

ஜினா பெரும் பாவம். அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. கேள்வி அந்தப் பையனைப் பற்றியது. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்பதைத் திருக்குர்ஆன் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அறிவித்திருக்கிறது. காமித் கோத்திரத்துப் பெண் தன் குற்றத்தைத் தானே வந்து ஒப்புக்கொண்டபோது, நபி (ஸல்) அவர்கள் பிள்ளை பிறக்கும் வரையும், பின்னர் அது பால்குடி மறக்கும் வரையும் தண்டனையைத் தள்ளி வைத்தார்கள். பிறகு அக்குழந்தையை வளர்க்கும் பொறுப்பை முஸ்லிம் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. தாயின் தண்டனையே பிள்ளைக்காகக் காத்திருந்தது என்றால், பிள்ளைக்கு மத்ரஸாக் கதவை அடைக்க நாம் யார்?

இனி ஃபிக்ஹுக்கு வருவோம். இத்தகைய பிள்ளையின் நஸப் தாயோடுதான் சேரும். தாயும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் வாரிசாவர். பெரும்பான்மை இமாம்களின் கருத்துப்படி தகப்பனோடு நஸபும் இல்லை, வாரிசுரிமையும் இல்லை. பிள்ளை படுக்கைக்குரியவனுக்கே என்ற ஹதீஸே இதற்கு ஆதாரம். ஆனால் அந்த வழக்கின் முழு விவரத்தையும் நம்மவர்கள் சொல்வதில்லை. ஸம்ஆவின் வீட்டு அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த பையன் தம் சகோதரர் உத்பாவின் மகன் என்று ஸஅத் (ரலி) வாதாடினார்கள். சாயலும் உத்பாவின் சாயலாகவே இருந்தது. நபி (ஸல்) அவர்கள் பையனை ஸம்ஆவின் வீட்டுக்கே தீர்ப்பளித்தார்கள்; எனினும் ஸம்ஆவின் மகளான தம் துணைவியார் ஸவ்தா (ரலி) அவர்களை அவனிடம் திரை பேணும்படி கூறினார்கள். நஸப் ஒரு பக்கம் போனாலும் சாயல் சொன்ன உண்மையை அவர்கள் கண்டுகொள்ளாமல் விடவில்லை. ஹனஃபி மத்ஹபில் தகப்பன் தன் ஜினாவில் பிறந்த மகளை மணக்கக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். மணக்கத் தடையாகும் இரத்தம், சோறு போடும்போது மட்டும் எங்கே போய்விடுகிறது? கணவனில்லாத பெண்ணின் பிள்ளையைத் தகப்பன் ஏற்றுக்கொண்டால் நஸப் சேரும் என்று இஸ்ஹாக் இப்னு ராஹவைஹி போன்றோர் கூறியிருக்கின்றனர். இப்னு தைமிய்யாவும் அப்படியே. சிறுபான்மைக் கருத்துத்தான். ஆனாலும் பெரியவர்கள் சொன்னது.

நாட்டுச் சட்டத்திலோ குழப்பமில்லை. 1973-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, மணவுறவில் பிறந்ததானாலும் இல்லாவிட்டாலும், தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத மைனர் பிள்ளைக்கு வசதியுள்ள தகப்பன் ஜீவனாம்சம் தரவேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்துள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவும் அதையே சொல்கிறது. எல்லா மதத்தாருக்கும் இது பொது. மணமாகாத தாய், தகப்பனுக்கு நோட்டீஸ் அனுப்பாமலே பிள்ளையின் கார்டியனாக மனுச் செய்யலாம் என்று ஒரு கிறிஸ்தவத் தாயின் வழக்கில் 2015-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தாயின் பிரமாணப் பத்திரத்தின் பேரில் பிறப்புச் சான்றிதழ் தரவேண்டும் என்றும் அதில் கூறியது.

முதல் ஸஃப்பில் நிற்கும் அந்த மனிதருக்கு ஷரீஅத்திலேயே வழியிருக்கிறது. பையன் அவருக்கு வாரிசில்லை அல்லவா? வாரிசல்லாதவருக்குச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்யலாம். உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகவும் கொடுக்கலாம். அதற்கு எந்த மத்ஹபும் குறுக்கே நிற்கவில்லை.

மத்ரஸா நிர்வாகிகள் விண்ணப்பத்தில் தாயின் பெயரை எழுதிக்கொண்டு பையனைச் சேர்த்துக் கொள்ளட்டும். கடிதம் எழுதியவருக்கு இதைத்தான் பதிலாக எழுதியிருக்கிறேன். அந்த மனிதரிடம் யார் போய்ப் பேசுவது என்று அவர் திரும்பக் கேட்டிருக்கிறார்.