பேர் கேட்டு வரும் மேய்ப்பர்

மெதடிஸ்ட் சபையின் முதல் ஆயர் நம் கடல்பக்கம் புறப்பட்டு வந்தார், கரை சேரவில்லை. தாமஸ் கோக் என்பது அவர் பெயர். 1784-ல் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அவர் தலைமேல் கைகளை வைத்து, அமெரிக்காவிலிருந்த சபைகளைக் கவனித்துக்கொள்ளக் கண்காணிப்பாளராக அனுப்பினார். அதே கோக், வயது 66 ஆனபோது, இலங்கைக்குப் போயே தீருவேன் என்று நின்றார். சபை தயங்கியது. செலவுக்குத் தன் கைப்பணத்தையே கொடுக்கிறேன் என்றார். 1813-ன் கடைசி நாட்களில் இங்கிலாந்தைவிட்டுக் கப்பல் கிளம்பியது. இளம் ஊழியர்கள் சிலர் கூட வந்தார்கள். 1814 மே 3-ஆம் தேதி காலை, வேலையாள் அறைக்கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து பதில் இல்லை. இந்தியப் பெருங்கடலிலேயே அவரை அடக்கம் செய்துவிட்டு மற்றவர்கள் பயணத்தைத் தொடர்ந்தார்கள்.

ஜூன் கடைசியில் அவர்கள் இலங்கையின் காலித் துறைமுகத்தில் இறங்கினார்கள். வழிநடத்த வந்தவர் இல்லை. கையில் இருந்த பணத்துக்கும் அவர் பெயரே பொறுப்பு. அந்த நிலையில் பிரிந்து ஊர் ஊராகப் போனார்கள். அவர்களில் லிஞ்ச், ஸ்குவான்ஸ் இருவரும் யாழ்ப்பாணம் வந்தார்கள். அவர்கள் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி ஆயிற்று. 1817-ல் லிஞ்ச் சென்னைக்கு வந்தார். தமிழ் பேசும் மண்ணில் மெதடிஸ்ட் சபை இப்படித்தான், மேய்ப்பரைக் கடலில் விட்டுவிட்டு வந்தவர்களின் கையால் தொடங்கியது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஓர் அமைதி இறங்குகிறது. புதிய ஆயர் ஒருவர் பொறுப்பேற்கும் நாளில் நாம் தோரணம் கட்டுகிறோம், மேளம் வைக்கிறோம், சால்வைமேல் சால்வையாகப் போர்த்துகிறோம். அன்பு அப்படித்தான் வெளிப்படும், அதில் குறையில்லை. ஆனால் மந்தை அவரோடு பிறந்ததல்ல. அவர் வருவதற்கு முன்பே அங்கே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. கடவுளைக் கொண்டுவருகிறவர் அவர் அல்ல. கடவுள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் வீட்டுக்குள் அவர் நுழைகிறார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இது மனதில் பட்டுவிட்டால், மீதி ஊழியம் தானாக வழி கண்டுகொள்ளும்.

வெஸ்லிக்கு ஆயர் என்ற பட்டமே பிடிக்கவில்லை. அமெரிக்காவில் கோக்கோடு சேர்த்து அவர் நியமித்த பிரான்சிஸ் ஆஸ்பரி அந்தப் பெயரால் தன்னை அழைக்கச் சம்மதித்தபோது, கிழவர் மனம் நொந்து 1788-ல் கடிதம் எழுதினார். ஆஸ்பரியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வெஸ்லி நியமித்தது மட்டும் போதாது, என்னோடு ஊழியம் செய்யும் போதகர்கள் தெரிந்தெடுத்தால்தான் ஏற்பேன் என்று சொன்னவர் அவர். 1784 கிறிஸ்துமஸ் வாரத்தில் பால்ட்டிமோரில் கூடியவர்கள் அவரைத் தெரிந்தெடுத்தார்கள். அதன்பின் சாகும்வரை அவருக்குச் சொந்த வீடு இல்லை. குதிரை முதுகில் இரண்டரை லட்சம் மைலுக்கு மேல் போயிருப்பார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கணக்கிடுகிறார்கள். மேலேயிருந்து கிடைத்த அதிகாரத்தைக் கீழேயிருப்பவர்கள் கையிலிருந்தும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்த அந்த மனம்தான் எனக்கு முக்கியம்.

ஆயரே இல்லாமல் வளர்ந்த பிரிட்டிஷ் மெதடிஸ்ட் சபைகள், தென்னிந்தியாவில் ஒருநாள் ஆயரை ஏற்றுக்கொண்டன. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் சபைத் தலைவர்களான அசரியா, சந்தியாகு முதலியோர் கூடி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். பேச்சு 28 ஆண்டுகள் நீண்டது. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் என்று நான்கு மரபினரும் ஒரே பந்தியில் திருவிருந்து எடுத்தார்கள். அமெரிக்க மரபில் வந்த மெதடிஸ்ட் திருச்சபை மட்டும் அதில் சேராமல் இன்றும் தனியே தன் ஆயர்களோடு நடக்கிறது. அசரியா அந்த நாளைப் பார்க்கவில்லை. 1945 புத்தாண்டு தினத்தில் காலமாகியிருந்தார்.

தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது நாடு சுதந்திரம் அடைந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. இன்னொன்றும் அந்த ஆண்டுதான். முகவை என்று நாம் சொல்லும் இராமநாதபுரச் சீமையில், ஓரியூரில், 1693-ல் தலை வெட்டப்பட்டு இறந்த கத்தோலிக்கத் துறவி அருளானந்தரை ரோமாபுரி 1947 ஜூனில் புனிதராக அறிவித்தது. ஓரியூர்ச் செம்மண்ணை இன்றும் மக்கள் கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். அதில் எந்தச் சபை, எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை.

சபைகள் ஒன்றானபோது மதுரை-முகவைத் திருமண்டலம் புதிதாக உருவானது. அதன் முதல் பேராயராக வந்தவர் லெஸ்லி நியூபிகின். வயது 37. ஸ்காட்லாந்து சபையின் மிஷனரி. அந்தச் சபையிலும் ஆயர் கிடையாது. அவர் வந்து சேர்ந்த இடத்தைப் பாருங்கள். மதுரையைச் சுற்றியிருந்த சபைகள் அமெரிக்க மிஷனில் வளர்ந்தவை. 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து நம் கடலைத் தாண்டி வந்த அமெரிக்க ஊழியர்கள் நட்ட சபைகள் அவை. சபையார் கூடிப் பேசி முடிவெடுப்பதே அவர்கள் வழக்கம். ஆயர் என்றாலே கொஞ்சம் விலகி நிற்பார்கள். இராமநாதபுரம் பக்கத்துச் சபைகளோ ஆங்கிலிக்க எஸ்.பி.ஜி. மிஷனரிச் சங்கத்தில் வளர்ந்து, திருநெல்வேலி ஆயரின் கீழ் இருந்தவை. அச்சிட்ட ஜெபப்புத்தகம், அங்கி, முழங்கால் நிற்றல் எல்லாம் அவர்களுக்கு மூச்சு மாதிரி. ஆயரையே அறியாத ஒருவர், ஆயர் வேண்டாம் என்ற பாதிக்கும், ஆயர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற மீதிக்கும் ஒரே நேரத்தில் மேய்ப்பரானார்.

அவர் கையில் இருந்த கோல் கட்டளையிடும் கோலும் அல்ல. ஒன்றிணைந்த சபைகள் ஒன்றுக்கொன்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தன. எந்தச் சபையின் மனசாட்சிக்கும் விரோதமாக, பழக்கமில்லாத ஆராதனை முறையையோ ஊழியரையோ அதன்மேல் திணிக்கக் கூடாது. முன்பே குருத்துவம் பெற்றவர்களுக்கு மறுபடி கை வைக்கவும் கூடாது. நிர்வாகக் கண்ணால் பார்த்தால் இது தலைவலி. ஆன்மிகக் கண்ணால் பார்த்தால், ஒரு மேய்ப்பருக்கு முதல் நாளிலேயே இதைவிடப் பெரிய வரம் கிடைத்திருக்க முடியாது. திணிக்க முடியாதவர் பொறுத்திருக்கக் கற்றுக்கொள்கிறார். பொறுத்திருப்பவர் கேட்கக் கற்றுக்கொள்கிறார்.

பாம்பன் தீவு மீனவர்கள் கடலை இரண்டாகச் சொல்வார்கள். பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல். மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். தென்மேற்குக் காற்று அடித்துத் தெற்கில் அலை ஏறும்போது வள்ளத்தை வடகரைக்குக் கொண்டுபோவார்கள். வாடை வந்து வடகடல் கலங்கும்போது தென்கரைக்குத் திருப்புவார்கள். ஆளும் அதே, குடும்பமும் அதேதான். கடலுக்கு ஏற்பக் கை மாறுகிறது. ஜெபப்புத்தகத்தோடு ஒரு ஞாயிறு, புத்தகமில்லாத மனஜெபத்தோடு அடுத்த ஞாயிறு என்று ஆராதிக்கப் பழகிய பேராயருக்கும் அந்தக் கைப்பழக்கம்தான் வேண்டியிருந்தது.

நியூபிகின் அதற்கு முன்பே அந்தப் பயிற்சியை எடுத்திருந்தார். 1936-ல் மனைவி ஹெலனோடு இந்தியா வந்தவருக்கு, சீக்கிரமே ஒரு பேருந்து விபத்தில் கால் முறிந்து தாய்நாட்டுக்குத் திரும்ப நேர்ந்தது. மறுபடி வந்து காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்தார். தமிழைக் கருத்தாகக் கற்றார். மாலை வேளைகளில் இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு வாரம் சுவேதாசுவதர உபநிடதம், மறுவாரம் யோவான் சுவிசேஷம் என்று படித்தார். தன் விசுவாசத்தில் அவர் இம்மியும் இறங்கிவரவில்லை. பின்னாளில் அவர் எழுதிய புத்தகங்களைப் படித்தவர்களுக்கு அது தெரியும். உறுதியாக இருப்பவரால்தான் அச்சமில்லாமல் பிறர் வீட்டுத் திண்ணையில் உட்கார முடிகிறது என்று எனக்குப் படுகிறது.

இந்தக் கரைக்கு வருகிற எந்த ஆயருக்கும் அந்தத் திண்ணைப் பழக்கம் தேவை. இங்கே அவர் முதல் அடியார் அல்ல. அக்னி தீர்த்தத்தில் விடியற்காலை முழுகி எழுந்து, ஈரத்துணியோடு 22 தீர்த்தங்களுக்கும் ஓடும் கூட்டம் அவருக்கு முன்பே இருக்கிறது. ஏர்வாடி தர்காவில் மனநோயாளியான மகனோடு காத்துக் கிடக்கும் தாய் இருக்கிறாள். அப்துல் கலாம் தன் சிறுவயதைப் பற்றி எழுதும்போது சொல்கிறார்: ராமேசுவரத்தில் அவருடைய தந்தை ஜைனுலாப்தீன் பள்ளிவாசலில் தொழுகை நடத்தியவர், கோயிலின் தலைமைக் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரிகள் அவருக்கு நெருங்கிய நண்பர், ஊர்த் தேவாலயத்துப் பாதிரியார் போதல். மூவரும் கூடிப் பேசுவார்கள், ஊர்ப் பிரச்சினை ஏதாவது என்றால் மூவருமாக யோசிப்பார்கள். அந்தச் சிறுவன் மேற்கொண்டு படித்தது இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில். தரங்கம்பாடிக்கு வந்து தஞ்சாவூரில் கண்மூடிய ஒரு ஜெர்மானியப் போதகரின் பெயரைத் தாங்கிய பள்ளியில் படித்து, ஐயாத்துரை சாலமோன் என்ற ஆசிரியரைத் தன் வழிகாட்டியாகச் சொன்னார். எந்தப் புதிய மேய்ப்பரும் இந்த உறவுகளைப் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. அவை கிடக்கின்றன, அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டாலே பெரிய ஊழியம்.

திடப்படுத்தல் ஆராதனை நடக்கும் ஒரு காலையில் முகவைப் பக்கத்துக் கிராமச் சபை ஒன்றில் போய் உட்கார்ந்து பாருங்கள். சுற்றிலும் பனையும் கருவேலமும். கண்மாயில் தண்ணீர் இருந்தால் அது நல்ல வருஷம். பிள்ளைகள் விடியுமுன் குளித்து, எண்ணெய் வழியத் தலைவாரி, வெள்ளை உடுத்தி வரிசையாக நிற்பார்கள். மாதக்கணக்கில் உபதேசியாரிடம் பத்துக் கட்டளையும் விசுவாசப் பிரமாணமும் ஒப்பித்தவர்கள். இப்போது நா வறண்டு நிற்பார்கள். ஒவ்வொருவராக முழங்காலிடும்போது, சேகரகுரு பேராயரின் காதருகே குனிந்து பெயரைச் சொல்வார். பேராயர் அந்தப் பெயரை ஒருமுறை தன் வாயால் சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் அந்தத் தலையில் வைப்பார். சில பெயர்கள் வாயில் நுழையாது, திரும்பக் கேட்பார். பிள்ளையே தலை நிமிராமல் மெதுவாகச் சொல்லும். முப்பது பிள்ளைகள் முடிகிறபோது அவர் உள்ளங்கை இரண்டும் தேங்காய் எண்ணெயில் பளபளக்கும். துடைக்கத் துண்டை நீட்டுவார்கள்.

ஆசீர்வதிக்கப் போன கைகளுக்கு அந்த ஊர் எண்ணெய் பூசிவிட்டது. பேராலயத்தில் மூத்த ஆயர்கள் கை வைத்ததில் பாதிதான் முடிந்தது. மீதி அபிஷேகம் இப்படி ஊர் ஊராக, தலை தலையாக நடக்கிறது. அதற்கு வருஷங்கள் ஆகும். அவசரப்பட்டால் நடக்காது. தன் ஆடுகளின் பெயர் தெரியாத மேய்ப்பரின் குரலுக்கு எந்த மந்தையும் திரும்பிப் பார்ப்பதில்லை, யோவான் சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தைப் படித்த யாருக்கும் இது புதிதல்ல.

நியூபிகின் மதுரையில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். ஊர்களுக்குப் போனார், சபையாரோடு தரையில் உட்கார்ந்தார், கிராமத்து விவசாயிகளுக்குள்ளேயே சபையை நடத்தும் ஆட்களைக் கண்டு வளர்த்தார். வெளியூரிலிருந்து சம்பளத்துக்கு ஆள் வந்தால்தான் சபை நிற்கும் என்ற எண்ணத்தை அந்த எளிய மனிதர்கள் பொய்யாக்கியதைப் பார்த்தார். 1959-ல் உலகளாவிய பணிக்காக விடைபெற்றவர், 1965-ல் சென்னைப் பேராயராகத் திரும்பி வந்தார். அக்கரையில் அதே 1947-ல் யாழ்ப்பாணத் திருமண்டலத்தின் முதல் பேராயரான சபாபதி குலேந்திரன், மண்ணின் மைந்தர், 1970 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இரண்டு பேருக்கும் நடுவே கிடந்த கடலில் அப்போது தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. அங்கிருந்த தேவாலயமும் இடிந்து சுவராக நிற்கிறது. கூரை போன அந்தக் கோயிலுக்குள் இன்றும் யாராவது மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள்.

1974-ல் ஓய்வு பெற்ற நியூபிகின், ஹெலனோடு சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கிடைத்த பேருந்துகளில் ஏறித் தரைவழியாகவே ஊர்போய்ச் சேர்ந்தார். கையில் இரண்டு பெட்டி, முதுகில் ஒரு பை. எழுபது வயதில், பர்மிங்காம் நகரின் வின்சன் கிரீன் பகுதியில், சிறைச்சாலை மதிலுக்கு எதிரே மூடப்படும் நிலையில் இருந்த ஒரு சின்னச் சபைக்குப் போதகராகப் போனார். இரண்டு திருமண்டலங்களை ஆண்டவர் மறுபடியும் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். தன் நாட்டவர் பலர் வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தெருக்களில் குடியேறியிருந்த ஆசியக் குடும்பங்கள் உள்ளே அழைத்து உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தன.