பின்வாங்கச் சொல்லி யார் எழுதிக் கொடுத்தார்கள்?

விடியற்காலை நாலரை மணி. ஊர் இன்னும் எழுந்திருக்கவில்லை. புறவழிச்சாலை ஓரமாக நாலைந்து பையன்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் கையில் செல்போன்; அதில் ஸ்டாப்வாட்ச் ஓடுகிறது. 1600 மீட்டர். ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்காக அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட பயிற்சி. ஷூவின் அடிப்பகுதி தேய்ந்துபோய் ஜல்லி காலைக் குத்துகிறது. போன முகாமில் சில நொடிகளில் கோட்டைவிட்டவன் ஒருவன் அவர்களுக்குள் இருக்கிறான். "போதும்டா, பேசாமல் ஒரு வேலையைப் பார்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதைக் காதில் வாங்காமல் ஓடுகிறான். அவனோடு சேர்ந்து கோட்டைவிட்ட இன்னொருவனைத்தான் ஒரு வாரமாகக் காணோம்.

வராமல் போன அந்தத் தம்பிக்குத்தான் இந்தக் கட்டுரை. குரூப் 4 முடிவைப் பார்த்துவிட்டுப் புத்தகங்களைப் பரணில் ஏற்றிய தங்கைக்கும், முதல் கடை நஷ்டத்தில் மூடியதும் ஷட்டரோடு சேர்த்து மனதையும் இறக்கிவிட்ட அண்ணனுக்கும் இதே கட்டுரைதான்.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. பின்வாங்கு என்று உங்களுக்கு யார் ஆணை கொடுத்தார்கள்? எழுத்தில் கொடுத்தார்களா? எங்கே அந்தக் காகிதம்? காட்டுங்கள் பார்க்கலாம்!

தேஜ்பூரில் ஒரு கட்டளை

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பட்டாளத்துக்காரர். ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்ஷா.

1962 நவம்பர். சீனப் படைகளுக்கு முன்னால் நம் வீரர்கள் வடகிழக்கு மலைகளில் உள்ள சே லாவிலிருந்தும் போம்டிலாவிலிருந்தும் இறங்கி வந்துவிட்டார்கள். சமவெளியில் இருந்த அஸ்ஸாமின் தேஜ்பூரே காலியானது. எதிரி கையில் சிக்கக்கூடாது என்று வங்கியில் இருந்த பணத்தாள்களை எரித்தார்கள். போர் நின்ற பிறகும் வீரர்களின் முகத்தில் அந்தத் தோல்வி அப்பிக்கிடந்தது. அந்த நேரத்தில்தான் தேஜ்பூரில் இருந்த 4-வது கோர் படைப்பிரிவுக்குத் தளபதியாக வந்து இறங்கினார் மானெக்ஷா.

வந்தவர் நீளமாகப் பேசவில்லை. எழுத்து மூலமான ஆணை இல்லாமல் இனி யாரும் பின்வாங்கக்கூடாது, அப்படிப்பட்ட ஆணை ஒருநாளும் வராது என்றார். அவ்வளவுதான்!

ஆயுதம் அதேதான், ஆட்கள் அவர்களேதான், மலையும் அதே மலைதான். ஒரே ஒரு கதவை மட்டும் அவர் அடைத்தார். "முடியாவிட்டால் திரும்பி வந்துவிடலாம்" என்று எல்லோர் மனதிலும் அரைகுறையாகத் திறந்து கிடந்த கதவு அது.

அடுத்தவனுக்கு இப்படிக் கட்டளை போடுவது சுலபம். அதைச் சொல்கிற தகுதி வேண்டுமே! அந்தத் தகுதி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பா சொன்ன 'வேண்டாம்'

1914 ஏப்ரல் 3-ஆம் தேதி அமிர்தசரஸில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார் சாம். அப்பா டாக்டர். பையனுக்கும் டாக்டராக ஆசை. லண்டனுக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்றான். அப்பா மறுத்துவிட்டார், வயது போதாது என்றார்.

நம் வீட்டில் இப்படி நடந்தால் என்ன செய்வோம்? நாலு நாள் சாப்பிடாமல் படுப்போம். "எங்க அப்பா மட்டும் அன்றைக்கு அனுப்பியிருந்தால்..." என்று நாற்பது வயதிலும் புலம்புவோம். சாம் கோபத்தோடு ஒரு விண்ணப்பம் வாங்கினார். டேராடூனில் அப்போதுதான் தொடங்கவிருந்த இந்திய ராணுவக் கல்லூரியின் நுழைவுத் தேர்வை எழுதினார். 1932-ல் சேர்ந்த முதல் அணியின் 40 பேரில் அவரும் ஒருவர். அந்த ஒரே அணியிலிருந்து பிற்காலத்தில் மூன்று நாடுகளுக்கு ராணுவத் தளபதிகள் கிடைத்தார்கள்: பர்மாவுக்கு ஸ்மித் டன், பாகிஸ்தானுக்கு முகமது மூசா, இந்தியாவுக்கு மானெக்ஷா.

தம்பி, பாதையை மாற்றுவது வேறு, பின்வாங்குவது வேறு. ஒரு கதவு மூடினால் அடுத்த கதவைத் தட்டுகிறவன் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறான். மூடிய கதவின் வாசலிலேயே உட்கார்ந்து அழுகிறவன்தான் பின்வாங்குகிறான்!

சிட்டாங் கரையில்

1942 பிப்ரவரி 22. பர்மாவில் சிட்டாங் ஆற்றுப் பாலத்தை நோக்கி ஜப்பானியர்கள் பாய்ந்து வருகிறார்கள். பாலத்தருகே பகோடா குன்று. அதைப் பிடிக்க வேண்டும். ஃபிராண்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்ட்டின் ஒரு கம்பெனியை நடத்திக்கொண்டு மேலே ஏறுகிறார் கேப்டன் மானெக்ஷா. வயது 27. வீட்டில் மனைவி சில்லு, இரண்டு வயதுப் பெண் குழந்தை.

கூட வந்தவர்களில் பலர் விழுந்துவிட்டார்கள். ஆனாலும் குன்றைப் பிடித்தார்கள். பிடித்த பிறகு எங்கிருந்தோ ஓர் இயந்திரத் துப்பாக்கி அவரை நோக்கிச் சடசடத்தது. நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் என்று வயிறும் மார்பும் குண்டுகளால் சல்லடையாகிவிட்டன.

டேவிட் கோவன் என்ற மூத்த அதிகாரி அவரைப் பார்த்தார். பிழைக்கமாட்டார் என்றே முடிவு செய்துவிட்டார். இறந்தவருக்கு அப்போது மிலிட்டரி கிராஸ் விருது கிடையாது என்பதால், தன் சட்டையில் இருந்த அந்த விருதின் ரிப்பனைக் கழற்றி அந்த இளைஞனின் மார்பில் குத்தினார். நினைத்துப் பாருங்கள், உயிரோடு இருக்கும்போதே கிடைத்த இறுதி மரியாதை அது!

ஆனால் ஒருவன் மட்டும் முடிவு செய்யவில்லை. அவருடைய உதவியாளர் ஷேர் சிங். குண்டுமழைக்கு நடுவே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மருத்துவ முகாமுக்கு நடந்தான். காயத்தைப் பார்த்த டாக்டர் கைவிரித்தார். ஷேர் சிங் விடவில்லை, மன்றாடினான், அடம்பிடித்தான். "என்னப்பா ஆச்சு?" என்று அந்த டாக்டர் கேட்டதற்கு, "கோவேறு கழுதை உதைத்துவிட்டது" என்றாராம் அடிபட்டுக் கிடந்தவர். இந்த நிலைமையிலும் இப்படிப் பேசுகிறவன் பிழைக்க வேண்டியவன்தான் என்று டாக்டர் கத்தியை எடுத்தார். குடலின் ஒரு பகுதியையே அறுத்து எடுக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு அவர் வாழ்ந்தது எத்தனை வருடம் தெரியுமா? 66!

உன்னைப் பார்த்து யார் கைவிரித்தது? ஒரு தேர்வா? ஒரு நேர்காணலா? ஒரு சொந்தக்காரரின் உதட்டுப் பிதுக்கலா? கைவிரித்தவர்கள் தீர்ப்பு எழுதலாம். அதன் கீழே நீ கையெழுத்துப் போடாதவரை அது வெறும் காகிதம்!

இன்னொன்றையும் மறந்துவிடாதே. அந்த மாவீரன் தன் காலால் நடந்து வரவில்லை, இன்னொருவன் தோளில் வந்தான். உன்னைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஷேர் சிங் உன் வீட்டிலும் இருக்கிறார். வளையலை அடகு வைத்துக் கோச்சிங் கட்டணம் கட்டிய அம்மாவாக இருக்கலாம், நாலரை மணிக்கு உன் வாசலில் சைக்கிள் மணி அடிக்கிற நண்பனாக இருக்கலாம். நீ பாதியில் படுத்துக்கொண்டால் அவர்கள் நடந்த நடையும் வீண்.

சொந்த ஆட்களே சுட்டபோது

எதிரி சுட்ட குண்டைவிட வலிப்பது சொந்த வீட்டிலிருந்து வரும் குண்டு. 1960-களின் தொடக்கத்தில் நம் நீலகிரியில், வெலிங்டன் ராணுவப் பணியாளர் கல்லூரியின் தலைவராக இருந்தார் மானெக்ஷா. மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்கிறவர். அது சிலருக்குப் பிடிக்கவில்லை. தேசபக்தி இல்லாதவர் என்று சொல்லி அவர் மேல் விசாரணையே வைத்தார்கள். நாட்டுக்காகக் குடலைக் கொடுத்தவனைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி!

அவர் ராஜினாமா செய்துவிட்டு ஓடவில்லை, யார் காலிலும் விழவில்லை. விசாரணையைச் சந்தித்தார், குற்றமற்றவராக வெளியே வந்தார். அடுத்து நாட்டுக்கு நெருக்கடி வந்தபோது தேஜ்பூருக்கு அனுப்ப அவரைத்தான் தேடினார்கள். அந்தக் கட்டளையைப் போடும் தகுதி எங்கிருந்து வந்தது என்று கேட்டோமே, இதோ பதில். சோதனைகளுக்கு முன்னால் பின்வாங்காத ஒரு மனிதரின் வாயிலிருந்து அது வந்தது. அதனால்தான் வீரர்கள் கேட்டார்கள்.

காத்திருப்பது கோழைத்தனமா?

"அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு பாய வேண்டியதுதானா?" என்று கேட்பீர்கள். இல்லை! 1971 ஏப்ரலில் நடந்ததைக் கேளுங்கள்.

அப்போது பாகிஸ்தானின் பகுதியாக இருந்த கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் வெள்ளமாய் வந்துகொண்டிருந்தார்கள். உடனே படையெடுக்க முடியுமா என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்டார். அமைச்சர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ராணுவத் தளபதி மானெக்ஷா முடியாது என்றார். மழைக்காலம் வந்தால் வங்கத்து ஆறுகள் கடலாகிவிடும், படைகள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன, டாங்கிகள் தயாராக இல்லை, இமயக் கணவாய்களில் பனி உருகினால் சீனா உள்ளே வரலாம் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். தேவையென்றால் பதவி விலகவும் தயார் என்றார். அவகாசம் கொடுங்கள், வெற்றிக்கு நான் பொறுப்பு என்றார்.

அவகாசம் கிடைத்தது. டிசம்பர் 3-ல் போர் மூண்டது. 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. பதின்மூன்றே நாட்கள்! சுமார் 93,000 பேர் கைதானார்கள். ஒரு புதிய நாடே பிறந்தது. சரண் பத்திரத்தில் கையெழுத்து வாங்க டாக்காவுக்குச் சென்றவர் கிழக்குப் பிராந்தியத் தளபதி ஜக்ஜித் சிங் அரோரா. கையெழுத்தான அந்தத் தருணத்தின் புகைப்படத்திலேயே மானெக்ஷா இல்லை.

தயாராவதற்காகக் காத்திருப்பவன் பின்வாங்கவில்லை. பயந்து தள்ளிப்போடுகிறவன்தான் பின்வாங்குகிறான். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமா? காத்திருக்கும் அந்த ஏழு மாதத்தில் நீ என்ன செய்கிறாய் என்று பார், போதும்.

தகரப்பெட்டியும் குடும்பமும்

பட்டாளத்துக்காரர் வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்பு பெயிண்ட் அடித்த தகரப்பெட்டி ஒன்று மூலையில் இருக்கும். மேலே வெள்ளை எழுத்தில் பெயரும் நம்பரும். லீவு முடிந்து அந்தப் பெட்டி ரயிலேறும் நாளில் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். அந்தப் பெட்டி திரும்பி வரும்வரை நெஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற மனைவியும் போர்வீரர்தான்.

சில்லுவும் அப்படி நின்றவர்தான். 1939 ஏப்ரலில் திருமணம். சில மாதத்தில் உலகப் போர். பிறகு இரண்டு பெண் பிள்ளைகளோடு ஊர் ஊராக மாற்றல். 1947-ல் நாடு பிரிந்தபோது கணவரின் ரெஜிமென்ட்டே பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. எல்லாவற்றையும் தாங்கி, ஏறக்குறைய 62 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

1973 ஜனவரியில் ஃபீல்டு மார்ஷல் பட்டம். இந்திய ராணுவத்தில் அதைப் பெற்ற முதல் மனிதர் அவர்தான். அதே மாதம் பதவியிலிருந்து விடைபெற்று, மனைவியோடு அவர் குடியேறிய ஊர் எது தெரியுமா? குன்னூர்! வெலிங்டனுக்குப் பக்கத்து ஊர். எந்த மலையில் இருந்தபோது தன்னை விசாரணைக்கு இழுத்தார்களோ, அந்த மலையிலேயே வீடு கட்டினார். அவமானம் நடந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அதையே தன் தோட்டமாக்கிக்கொண்ட மனிதர் இவர். 2001-ல் சில்லு போனார். 2008 ஜூன் 27-ல், 94-வது வயதில், வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் சாம் போனார். ஊட்டியில் பார்சிகளின் கல்லறைத் தோட்டத்தில் மனைவிக்குப் பக்கத்திலேயே உறங்குகிறார்.

இன்று இரவு ஒரு வேலை செய்

ஒரு வெள்ளைத்தாளை எடு. பேனாவை எடு. "நான் பின்வாங்குகிறேன்" என்று எழுது. காரணத்தையும் எழுது. தேதி போடு. கீழே உன் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடு. போட்டு, உனக்காக நகையை அடகு வைத்த அம்மா கையில் கொண்டுபோய்க் கொடு.

கை நடுங்குகிறது அல்லவா? எழுத முடியவில்லை அல்லவா?

அந்த ஆணையை எழுதும் அதிகாரம் உலகத்தில் உன் ஒருவனுக்குத்தான் இருக்கிறது. உன்னாலேயே எழுத முடியவில்லை. பிறகு எதற்காக ஒரு வாரமாகப் போர்வைக்குள் கிடக்கிறாய்?

தாளைக் கிழித்துப் போடு. அலாரத்தை நாலு மணிக்கு வை. தேய்ந்த ஷூவின் லேஸை இறுக்கிக் கட்டு. புறவழிச்சாலையில் உன் இடம் ஒரு வாரமாகக் காலியாக இருக்கிறது. ஓடு!