கால் இல்லாத பறவைகள்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் இர்ன்ஹம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் அந்த ஊரும் சுற்றுவட்ட வயல்களும் சர் ஜெஃப்ரி லட்ரெல் என்ற நிலக்கிழாருக்குச் சொந்தம். யார்க்ஷயரிலும் நாட்டிங்கம்ஷயரிலும்கூட அவருக்கு நிலம் உண்டு. 1276-ல் பிறந்தார். 1297-ல் தந்தை இறந்ததும் சொத்துகள் கைக்கு வந்தன. மன்னர் ஆள் அனுப்பியபோதெல்லாம் ஸ்காட்லாந்துப் போருக்குக் குதிரையேறினார். நாட்டின் வரலாற்றைத் திருப்பிப் போட்டவர் என்று அவரைச் சொல்ல ஒன்றுமில்லை. முதுமை நெருங்கும் காலத்தில் அவர் எழுதச் செய்த ஒரு சங்கீதப் புத்தகம்தான் அவர் பெயரை இன்றுவரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

பதப்படுத்திய தோலில் 309 ஏடுகள். வேதாகமத்தின் 150 சங்கீதங்களும் லத்தீனில், பெரிய எழுத்தில். எழுதியவர் ஒருவர், படம் தீட்டியவர்கள் பலர். இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

அதன் 202ஆம் ஏட்டின் பின்பக்கத்தில் ஜெஃப்ரியே இருக்கிறார். முழுக் கவசத்தோடு பெரிய போர்க்குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். மனைவி ஆக்னஸ் கீழே நின்று தலைக்கவசத்தை எடுத்துக் கொடுக்கிறார். மருமகள் பியாட்ரிஸ் கேடயத்தோடு பின்னால் நிற்கிறார். இந்தப் புத்தகத்தைச் செய்வித்தவர் ஜெஃப்ரி பிரபுவே என்று படத்துக்கு மேலே ஒரு வரி அறிவிக்கிறது. நீலப் பின்னணியில் சாய்வாக ஒரு வெள்ளிப்பட்டை, இருபுறமுமாக மொத்தம் ஆறு வெள்ளிப் பறவைகள். இதுதான் லட்ரெல் குடும்பச் சின்னம். கேடயத்தில் இருப்பது போதாதென்று அங்கியில், தோள்பட்டையில், ஈட்டிக் கொடியில், குதிரையின் போர்வையில் என்று கண் போகும் இடமெல்லாம் அந்தப் பறவைகள்தான். பெண்களின் உடையிலும் அவை உண்டு. கூடவே ஆக்னஸின் உடையில் அவர் பிறந்த சட்டன் வீட்டுச் சிங்கமும், பியாட்ரிஸின் உடையில் ஸ்க்ரோப் வீட்டுப் பட்டையும் இருக்கின்றன. பியாட்ரிஸின் தந்தை ஜெஃப்ரி லெ ஸ்க்ரோப் மன்னர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. அந்த வீட்டுப் பெண்கள் இருவரை லட்ரெல் தம் மகன்கள் இருவருக்கு முடித்துவைத்தார். பெரிய இடத்துச் சம்பந்தம் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான்.

மரபுச் சின்னங்களில் வரும் அந்தப் பறவையை மார்ட்லெட் என்பார்கள். அதற்குக் கால் கிடையாது. பறந்துகொண்டே இருக்கும், தரையில் இறங்காது என்பது பழைய நம்பிக்கை. மூன்று மாவட்டங்களில் நிலம் வைத்திருந்த ஒரு குடும்பம், மண்ணில் கால் பதிக்க முடியாத ஒரு பறவையைத் தன் அடையாளமாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறது. அவர்கள் யாரும் இதை இப்படி யோசித்திருக்க மாட்டார்கள். நாம் யோசிக்கலாம். நிலத்தை அளக்கலாம், வேலி போடலாம், பத்திரத்தில் பெயர் எழுதலாம். அதன் மேல் நாம் இறங்கி உட்கார்ந்துவிட்டோமா என்றால், இல்லை என்பதே எல்லாத் தலைமுறைகளும் கண்ட பதில்.

ஜெஃப்ரி புனிதர் அல்லர். 1312-ல் அக்கம்பக்கத்து நிலக்கிழார்கள் சிலரோடு சேர்ந்து, செம்பிரிங்ஹம் மடத்துக்குள் புகுந்து பொருள்களைக் கொண்டுபோனதாக அவர்மீது புகார் பதிவாகியிருக்கிறது. அது துறவிகளும் கன்னியரும் தனித்தனிப் பகுதிகளில் வாழ்ந்த மடம். பிற்காலத்தில் அவருடைய மகள் இசபெல்லா அதே மடத்தில்தான் கன்னியாக இருந்தார். எந்த மடத்தின் மீது தந்தை பாய்ந்தாரோ அங்கேயே மகள் முழந்தாளிட்டு இருந்தாள். இதைத் தண்டனை என்றோ பரிகாரம் என்றோ பெயரிட எனக்கு மனமில்லை. நாம் முறித்துப் போட்ட உறவு வேறொரு வாசல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்வது உண்டு. அவ்வளவுதான் சொல்லத் தோன்றுகிறது.

திருமணத்திலும் ஒரு நெருடல் இருந்தது. திருச்சபை விலக்கிய உறவுமுறைக்குள் ஜெஃப்ரியும் ஆக்னஸும் இரத்தச் சொந்தங்கள். பல ஆண்டு வாழ்ந்து பிள்ளைகளும் பெற்ற பிறகு, 1331-ல் போப்பாண்டவரின் விலக்கு வந்தது. ஆக்னஸ் 1340-ல் காலமானார். கவசத்தை நீட்டும் அந்தப் படத்தை இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தால், பெருமிதத்துக்குக் கீழே ஒரு பயமும் தெரிகிறது. இவர்கள் என்னுடையவர்கள், இதைக் குறித்துக்கொள் என்று கடவுளிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் மனிதனின் பயம்.

1345 ஏப்ரலில் உயில் எழுதினார். மே 23 அன்று இறந்தார். இர்ன்ஹம் கோயிலில் பலிபீடத்துக்கு அருகே புதைக்கும்படி கேட்டிருந்தார். 20 குருமார் ஐந்து ஆண்டுகள் தம் ஆன்மாவுக்காகப் பூசை வைக்கவும், வேறு சிலர் வாராவாரம் சங்கீதங்கள் ஓதவும் பணம் ஒதுக்கினார். உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஆன்மா படும் வேதனையை உயிரோடிருப்பவர்களின் ஜெபம் குறைக்கும் என்பது அக்கால நம்பிக்கை.

காசு கொடுத்து ஜெபம் வாங்குவதா என்று இன்று எளிதாகச் சிரித்துவிடலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்நாள் முழுவதும் பிறருக்கு உத்தரவிட்டே பழகியவர் அவர். அந்த உயிலிலும் உத்தரவுகள்தான் இருக்கின்றன. ஆனால் உள்ளே இருப்பது கையேந்தல். இனி என்னால் எனக்கு எதுவும் செய்துகொள்ள முடியாது, நீங்கள்தான் செய்ய வேண்டும் என்பதைத்தான் அவருக்குத் தெரிந்த ஒரே மொழியில் எழுதிவைத்தார். நிலக்கிழார் யாசகரான அந்தக் கணத்தில்தான் அவர் சங்கீதங்களுக்கு மிக அருகில் வந்தார் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் அந்தப் பாடல்களில் பல, வழியற்றவனின் கூப்பாடு.

அந்தக் கூப்பாட்டுக்குக் கீழே, பக்கங்களின் அடி ஓரத்தில், இர்ன்ஹம் போன்ற ஒரு கிராமமே வேலை செய்துகொண்டிருக்கிறது. 170ஆம் ஏட்டில் நான்கு மாடுகள் பூட்டிய ஏர் போகிறது. பக்கத்தைத் திருப்பினால் விதைப்பு. விதைப்பவரின் முதுகுக்குப் பின்னால் விதைமூட்டையில் ஒரு காகம் தலையை விட்டுக்கொண்டிருக்க, நாயோ வேறொரு காகத்தைத் துரத்துகிறது. 172-ன் பின்பக்கத்தில் பெண்கள் கதிர் அறுக்கிறார்கள். ஒருத்தி மட்டும் நிமிர்ந்து நிற்கிறாள். ஒரு கை இடுப்புக்குப் பின்னால் முதுகை அழுத்துகிறது. காலையிலிருந்து குனிந்தே அறுத்தவளுக்குத்தான் அந்த நிற்பு வரும். தீட்டியவர் வயலைப் பார்த்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்து, கட்டுகள் ஏற்றிய வண்டியைக் குதிரைகள் மேட்டில் இழுக்க, ஆட்கள் பின்னாலிருந்து முட்டுக்கொடுக்கிறார்கள்.

இந்த மக்களின் உடைகள் உண்மையில் இருந்திருக்கக்கூடியதைவிட வண்ணமாகவும் சுத்தமாகவும் இருக்கின்றன. பிரபு பார்க்க விரும்பிய கிராமம் இது, பட்ட பாடு முழுவதும் இதில் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இறைவனைப் புகழக் கண்ணை மேலே வைத்தவர், பக்கத்தைப் புரட்டக் கை வைக்கும் இடத்தில் அந்த அறுவடைப் பெண்ணின் முதுகு இருந்தது. 208ஆம் ஏட்டில் ஜெஃப்ரி குடும்பத்தோடும் இரண்டு டொமினிக்கன் துறவிகளோடும் விருந்துக்கு அமர்ந்திருக்கிறார். அந்த மேசைக்கு வந்து சேரும் ரொட்டியின் பயணம் 170-லேயே தொடங்கிவிடுகிறது. நம் தட்டில் இருக்கும் சோற்றுக்குப் பின்னாலுள்ள முகங்களை நினைத்துக்கொள்வதும் ஜெபத்தில் சேர்த்திதான். பெரும்பாலும் நாம் விட்டுவிடும் பகுதி அது.

ஜெஃப்ரி கேட்ட ஐந்து ஆண்டு பூசை முடிவதற்குள், 1348-ல் கொள்ளைநோய் இங்கிலாந்தில் கரையேறியது. மறு ஆண்டு லிங்கன்ஷயரையும் சூறையாடியது. பூசை வைத்தவர், ஏர் பிடித்தவர் என்று அது பார்க்கவில்லை. இர்ன்ஹம் லட்ரெல்களின் ஆண்வழி 1419-ல் அற்றுப்போனது. நிலம் பெண்வழியில் வேறு குடும்பத்துக்குப் போனது. புத்தகம் பல கை மாறி, 1929-ல் 31,500 பவுனுக்கு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திடம் வந்தது. அவ்வளவு பணம் அவர்களிடம் இல்லை. அமெரிக்க வங்கியாளர் ஜே.பி. மார்கன் வட்டியில்லாமல் கடன் கொடுத்துதான் வாங்கினார்கள்.

லட்ரெல் சங்கீதப் புத்தகம் என்று தேடினால் அதன் படங்கள் இணையத்தில் கிடைக்கும். எல்லோரும் முதலில் குதிரைவீரனைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் 170ஆம் ஏட்டிலிருந்து பாருங்கள்.