வேலியில்லாத தெற்கு

நைரோபி தேசியப் பூங்காவுக்கு மூன்று பக்கம்தான் வேலி. வடக்கிலும் கிழக்கிலும் மேற்கிலும் மின்வேலி, அதை ஒட்டினாற்போல நகரம். தெற்கே ம்பகாதி ஆறு. ஆற்றுக்கு அக்கரையில் கிட்டெங்கெலா, அதைத் தாண்டினால் ஆத்தி-கபிட்டி சமவெளி. மசாய் மக்கள் ஆடுமாடு மேய்க்கும் பூமி. 1946-இல் கென்யாவின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்த இடத்தின் பரப்பு 117 சதுர கிலோமீட்டர். சிங்கம் உலவ அது போதவே போதாது. தெற்கு திறந்து கிடப்பதால்தான் இது இன்னும் காடாக இருக்கிறது. அடைத்துவிட்டால் பெரியதொரு மிருகக்காட்சி சாலையாகிவிடும்.

இரண்டு விமானங்களுக்கு நடுவே எனக்கு ஒரு பகல் கிடைத்தது. பயண அனுமதியை முன்பே இணையத்தில் வாங்கியிருந்தேன். விமான நிலையத்திலிருந்து பூங்கா கூப்பிடு தூரம்தான். நகரத்தின் மையத்திலிருந்தும் ஏழு கிலோமீட்டர்தான். பெட்டியை வண்டியின் பின்னால் போட்டுவிட்டு நேரே கானகத்துக்குப் போகலாம், மாலையில் அப்படியே விமானம் ஏறலாம். என்னைப் போன்ற பலர் அன்றும் வந்திருந்தார்கள். கூரை திறக்கும் வேன்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன.

உள்ளே முதலில் கண்ணில் பட்டது மண். சுத்தமான கரிசல். வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கோவில்பட்டிப் பக்கத்து ஆள் யாராவது கூட இருந்திருந்தால் இறங்கி ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்திருப்பார். இறங்கத்தான் முடியாது, குறிப்பிட்ட சில இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

ஓட்டுநர் ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி, சன்னலை உரசும் முட்செடியைக் காட்டினார். விரல் நீள வெள்ளை முட்கள், ஜோடி ஜோடியாக. சில ஜோடிகளின் அடிப்பாகம் மட்டும் நெல்லிக்காய் பருமனுக்கு உப்பிக் கறுத்திருந்தது. அந்த உருண்டைகளில் ஊசி முனை போலத் துளைகள். உள்ளே எறும்புகள் குடியிருக்கின்றன. காற்று அந்தத் துளைகளின் குறுக்கே வீசும்போது விசில் அடிப்பதுபோல் ஒலி வரும் என்றார். பேனா முனையால் கிளையை லேசாகத் தட்டினார். அந்தக் கணமே எறும்புகள் வாலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டன. செடி வீடு கொடுக்கிறது, தேனும் கொடுக்கிறது. தழை தின்ன வரும் மிருகத்தை எறும்புகள் கடித்து விரட்டுகின்றன. அவ்வளவு காவல் இருந்தும், சற்றுத் தள்ளி ஓர் ஒட்டகச்சிவிங்கி அதே இனச் செடியை நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. அதன் தலைக்குப் பின்னால் நைரோபியின் அடுக்குமாடிக் கோபுரங்கள். பூங்காவின் மேலாகவே, உயரமான தூண்களில் ரயில் பாலம் ஒன்றும் போகிறது. 2019-இல் நைவாஷா வரை திறக்கப்பட்ட புதிய பாதை.

ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, தொலைவில் ஒரு கறுப்புக் காண்டாமிருகம் என்று கண் நிறையப் பார்த்தேன். மனமும் நிறைந்திருந்தது. அந்த நிறைவின் நடுவேதான் ஒரு கேள்வி எழுந்தது, இன்னும் விடவில்லை. வந்து, பார்த்து, மகிழ்ந்து, போய்விடுகிறேன். நான் மகிழ்வதற்காக இந்தச் சிங்கங்கள் இங்கே உயிரோடு இருக்க யாரோ தினமும் விலை கொடுக்கிறார்கள். வழிப்போக்கருக்கு அதில் பொறுப்பு உண்டா, நுழைவுக் கட்டணத்தோடு கணக்குத் தீர்ந்துவிட்டதா?

கேள்வியைக் கிளப்பியது ஓட்டுநரின் பேச்சு. அவருடைய குடும்பம் ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது. மழை பெய்தால் வரிக்குதிரையும் மானினங்களும் ஆறு தாண்டி அங்கே புதுப்புல்லுக்குப் போகும். கோடையில் தண்ணீருக்காகத் திரும்பிவரும். அவை போகும் வழியே சிங்கமும் போகும். சிங்கத்துக்கு வரிக்குதிரையைத் துரத்துவதைவிடப் பட்டியில் அடைத்த ஆடு சுலபம். விடிந்து பார்த்தால் ஆடுகள் செத்துக் கிடக்கும். “பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டிய பணம் அது, சார்” என்றார். குரலில் கோபமில்லை, விவரம் சொல்லும் தொனிதான்.

2012 ஜூனில் கிட்டெங்கெலாவில் ஆட்டுப் பட்டிக்குள் புகுந்த சிங்கங்களை ஊரார் சூழ்ந்துகொண்டு ஆறைக் கொன்றார்கள். 2016 மார்ச்சில் மோஹாக் என்று பெயர் வைத்து எல்லாரும் கொண்டாடிய ஆண் சிங்கம் பூங்காவை விட்டு வெளியேறி, ஒரு மனிதரைக் காயப்படுத்தியது. வனக்காவலர்களே அதைச் சுட வேண்டியதாயிற்று. இரண்டு செய்திகளும் உலகெங்கும் போயின. சிங்கத்துக்காக வருந்தியவர்கள் ஏராளம். அந்த வருத்தத்தை நான் குறை சொல்லமாட்டேன், எனக்கும் அது உண்டு. ஆனால் ஆட்டைப் பறிகொடுத்தவரின் பெயர் நான் பார்த்த எந்தத் தலைப்புச் செய்தியிலும் வரவில்லை.

அதே தெற்கு எல்லையில் வளர்ந்தவர்தான் ரிச்சர்ட் துரேரே. சிறுவனாக இருந்தபோது அப்பாவின் மாட்டுக் கொட்டிலைக் காக்கும் வேலை அவனுடையது. தீ மூட்டிப் பார்த்தான்; வெளிச்சம் சிங்கத்துக்கே வசதியாகிவிட்டது. சோளக்கொல்லை பொம்மை வைத்தான். முதல் நாள் பயந்த சிங்கம் மறுநாள் பயப்படவில்லை. கையில் டார்ச்சோடு நடந்த ஓர் இரவில் மட்டும் சிங்கம் கிட்டே வரவில்லை. நகரும் வெளிச்சம்தான் அதைத் தள்ளி நிறுத்துகிறது என்று கண்டுகொண்டான். பழைய கார் பேட்டரி, மோட்டார் சைக்கிளின் இண்டிகேட்டர் பெட்டி, உடைந்த டார்ச்சுகளிலிருந்து எடுத்த பல்புகள், ஒரு சூரியத்தகடு, இவற்றை இணைத்தான். யாரோ காவல் நடப்பதுபோல் விளக்குகள் மாறி மாறி மின்னின. அதன்பிறகு அவர்கள் கொட்டிலுக்குச் சிங்கம் வரவில்லை. அக்கம்பக்கத்தாருக்கும் போட்டுக் கொடுத்தான். 2013-இல் டெட் (TED) சொற்பொழிவு மேடையில் ஏறி இதைச் சொன்னபோது அவனுக்குப் பதின்மூன்று வயது. அவன் மாடு பிழைத்தது, சிங்கமும் பிழைத்தது. காட்டுயிரைக் காப்பது பற்றி நான் கேட்ட கதைகளில் இதைவிட உயர்ந்ததாக ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

பூங்காவுக்குள் தந்தம் எரித்த இடம் ஒன்று இருக்கிறது. 1989-இல் அதிபர் டேனியல் அராப் மோய் 12 டன் தந்தத்துக்கு அங்கே தீ வைத்தார். 2016-இல் உஹுரு கென்யாட்டா 105 டன் எரித்தார். தந்த வணிகத்துக்கு எதிராக ஓர் ஏழை நாடு அவ்வளவு செல்வத்தைச் சாம்பலாக்கியது பெரிய காரியம். அந்தச் சாம்பல் மேட்டின் முன் நின்றபோது மெய்சிலிர்த்தது. ஆனாலும் என் மனம் தெற்கே இருந்தது. தீ வைக்கும் நாளில் அதிபர்கள் வருவார்கள், கேமராக்கள் வரும். பட்டியைக் காத்து இரவில் விழித்திருப்பவரிடம் யாரும் வருவதில்லை. அந்த விழிப்பு ஒரு நாளில் முடிகிற வேலையும் இல்லை.

நான் கேட்ட கேள்விக்கு விடை ஒன்றை அங்கேயே சிலர் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் கிட்டெங்கெலாவில் நிலக் குத்தகைத் திட்டம் ஒன்று தொடங்கியது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 4 டாலர். வேலி போடக் கூடாது, நிலத்தைத் துண்டு போட்டு விற்கக் கூடாது, காட்டுயிர் போக வர விட வேண்டும், வேட்டை கூடாது, இவ்வளவுதான் நிபந்தனை. பள்ளிக் கட்டணம் கட்டும் பருவங்களை ஒட்டிப் பணம் தவணையாகத் தரப்பட்டது. இதை வடிவமைத்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. சிங்கத்தை நேசி என்று யாருக்கும் அவர்கள் பாடம் நடத்தவில்லை. சிங்கத்தால் போகிற பணம் எது என்று பார்த்து, அந்த இடத்தில் பணத்தை வைத்தார்கள்.

அந்த 4 டாலர் எங்கே, நகரம் தருகிற விலை எங்கே? 1980களின் இறுதியில் கிட்டெங்கெலாவின் பொது மேய்ச்சல் நிலம் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கப்பட்டது. நைரோபி தெற்கே வீங்கிவருகிறது. சிமெண்ட் ஆலை, கல் குவாரி, வீட்டுமனை எல்லாம் வந்துவிட்டன. முன்பு ஆயிரமாயிரமாக ஆறு தாண்டிய வில்டபீஸ்ட் மான்கள் இன்று சொற்பம். பூங்காவுக்குத் தெற்கிலும் வேலி போட்டுவிடலாம் என்ற பேச்சு அரசுத் தரப்பிலேயே எழுந்து, எதிர்ப்பும் எழுந்தது.

வழிப்போக்கருக்குப் பொறுப்பு உண்டு என்றே நினைக்கிறேன். போகிற போக்கில் பார்த்தாலும், பார்த்தவை நம்மை மகிழ்வித்துவிட்டன. அந்த மகிழ்ச்சியை இன்னொருவர் தன் ஆட்டையும் தூக்கத்தையும் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார். அந்தக் கடனை அனுதாபத்தால் அடைக்க முடியாது. வாயிலில் நாங்கள் கட்டும் பணத்தில் ஒரு பங்கு நேரே ஆறு தாண்டிப் போக வேண்டும். சீட்டிலேயே அதைத் தனியாக அச்சடித்து வாங்கட்டும், இன்னும் கூடுதலாகக்கூட வாங்கட்டும். ஒரு பகல் பொழுதுக்காக வருகிற எவரும் அதைத் தர மறுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

விமான நிலையத்துக்குத் திரும்பும் வழியில் ஓட்டுநரிடம் இதைச் சொன்னேன். தன் பெரியப்பா நிலத்தை இன்னும் வேலி போடாமல் வைத்திருப்பதாகவும், மகன்கள் விற்றுவிடச் சொல்லி நெருக்குவதாகவும் சொன்னார். ஏக்கருக்கு எவ்வளவு கிடைத்தால் அவர்கள் நெருக்குவதை நிறுத்துவார்கள் என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. மனசுக்குள் கணக்குப் போட்டார். பிறகு, விற்கிற விலையில் பாதிகூட வேண்டாம், ஆண்டு தவறாமல் வந்தால் போதும் என்றார்.