வேண்டுமென்று செய்யாத வினை

விபத்து நடந்த இடத்தில் சாரதி முதலில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "வேணும்னு செய்யலீங்க." அது உண்மையாகத்தான் இருக்கும். காலையில் விபூதி பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுப்பவர் யாரும் இன்னொரு உயிரைப் பறிக்க நினைத்துப் புறப்படுவதில்லை. அப்படியானால் அந்த வினை யாருடையது? சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பதுளைப் பக்கத்து ஸ்பிரிங்வெளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் அறநெறி வகுப்பு எடுக்கிறேன். திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லி முடித்தபோது ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், இளவரசர் வேணும்னு ஏத்தலையே, கன்னுக்குட்டிதானே குறுக்க வந்துச்சு?" என்று கேட்டாள். சேக்கிழாரும் பெரியபுராணத்தில் அப்படித்தான் சொல்கிறார். கன்று துள்ளி வந்து இளவரசரின் தேர்க்காலில் அகப்பட்டது. பிராயச்சித்தம் செய்தால் போதும் என்றார்கள் அமைச்சர்கள். அரசர் ஏற்கவில்லை. தாய்ப்பசு படும் துயரத்தைத் தானும் படவேண்டும் என்று சொந்த மகன்மேல் தேரை ஓட்டினார். சிவபெருமான் வெளிப்பட்டுக் கன்றையும் மகனையும் எழுப்பிக் கொடுத்தார்.

இதே கதையை மகாவம்சம் எல்லாளனைப் பற்றிச் சொல்கிறது. திஸ்ஸ வாவிக்குப் போன இளவரசனின் தேர், வீதியில் தாயோடு படுத்திருந்த கன்றின் கழுத்தில் ஏறியது. அங்கும் அது அறியாமல் நடந்தது. அங்கும் அரசன் மகனுக்கு அதே தண்டனையைக் கொடுத்தான். அதே அத்தியாயத்தில் இன்னொரு சம்பவமும் உண்டு. பிக்குகளை அழைக்க மிகிந்தலைக்குப் போகும்போது எல்லாளனின் தேர் நுகம் பட்டு ஒரு தூபி சேதமாகிறது. அரசன் இறங்கி வீதியில் படுத்து, "என் தலையையும் சக்கரத்தால் அறுங்கள்" என்கிறான். பிறருக்குத் தீங்கு செய்வதை எங்கள் ஆசான் புத்தர் ஏற்பதில்லை, தூபியைத் திருத்திக் கொடுங்கள் என்கிறார்கள் அமைச்சர்கள். விழுந்த 15 கற்களை மறுபடி வைக்க அவன் 15,000 கஹாபணம் செலவழித்தான்.

இரண்டு நூல்களிலும் "வேண்டுமென்று செய்யவில்லை" என்ற பேச்சு அரசரிடம் எடுபடவில்லை. ஆனால் என்னோடு பரீட்சைக்குப் படிக்கும் சிங்களத் தோழி, தம்மபத உரையின் முதற்கதையான சக்குபால தேரர் கதையை நினைவுபடுத்தினாள். பார்வையற்ற அந்தத் தேரர் உலாவும்போது காலடியில் பூச்சிகள் நசுங்கிச் செத்தன. கொல்லும் எண்ணம் அவரிடம் இல்லை, ஆகவே பாவமும் இல்லை என்று புத்தர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நினைப்புத்தான் வினை என்பது பௌத்தத்தின் அடிப்படை.

இந்த நியாயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தேரருக்குக் கண் தெரியாது, எனக்குத் தெரியும். போதாததற்கு இரண்டு பக்கமும் கண்ணாடி, முன்னால் விளக்கு, காலடியில் பிரேக். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 11 மீற்றர் ஓடிவிடும். முடக்கில் ஒரு பிள்ளை தெரியும் அந்த வினாடியில் நல்லதோ கெட்டதோ நினைக்கவே நேரமில்லை. என் நினைப்பு அதற்கு முன்பே தீர்ந்துபோன விஷயம். முடக்குக்குள் எந்த வேகத்தில் நுழைந்தேன், தேய்ந்த டயரை மாற்றினேனா, பள்ளத்தில் எரிபொருளை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டேனா, கையில் போன் இருந்ததா, இவைதான் என் நினைப்பு. வினையைத் தேட வேண்டிய இடமும் இதுதான். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, கொல்லும் எண்ணமில்லாமல் கவனயீனத்தால் மரணம் விளைவிப்பதை 298ஆம் பிரிவில் தனிக் குற்றமாக வைத்திருப்பதும் இதனால்தான்.

ஆகவே வீதி ஒழுங்குகளை நான் வெறும் 40 வினாக்களுக்கான பாடமாகப் படிக்கவில்லை. ஒரு ஒழுங்கை எடுத்துக்கொள்வோம். ஒடுங்கிய மலைப்பாதையில் இறங்கி வரும் வண்டி, ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். ஸ்பிரிங்வெளிப் பாதையில் மழைநாளில் நின்று பார்த்தால் இதன் அருமை புரியும். மூட்டை மூட்டையாகக் கொழுந்து ஏற்றிய லொறி பாதி மேட்டில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்பும்போது பின்னுக்கு உருளும். பின்னால் பள்ளம், பக்கத்தில் கான், கான் ஓரமாக வேலை முடிந்து நடந்து வரும் பெண்கள். மேலிருந்து வெறும் வண்டியோடு இறங்குகிறவர் அகலமான இடத்தில் ஒதுங்கி நிற்பது எளிது. யாருக்கு நிற்பது எளிதோ அவர் நிற்கட்டும், யாருக்குச் சுமை அதிகமோ அவர் போகட்டும் என்கிறது ஒழுங்கு. அந்த முடக்கில் பொலிஸ் இல்லை, கெமரா இல்லை. ஒதுங்கி நின்று லொறியைப் போகவிடும் சாரதி, முகம் தெரியாதவர்களுக்கு முன்கூட்டியே இரக்கம் காட்டுகிறார். என் சமயம் ஜீவகாருண்யம் என்று கற்பித்ததும் இதைத்தான்.

"எல்லாம் தலையெழுத்து" என்று சொல்பவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. 2021 மார்ச் 20 அன்று பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பஸ் பள்ளத்தில் விழுந்தபோது, லுணுகலைப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒப்பாரி எழுந்தது. அன்று அந்த வார்த்தையை எத்தனையோ பேர் ஆறுதலாகச் சொன்னார்கள். உறவை இழந்தவர் தன்னைத் தேற்றிக்கொள்ள அப்படிச் சொன்னால் நான் குறுக்கே பேசமாட்டேன். ஆனால் சக்கரத்தைப் பிடிப்பவர் அதைச் சொல்லக்கூடாது. சைவசித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. இறந்தவர் அனுபவித்தது அவருடைய பிராரத்தமா என்பது இறைவனின் கணக்கு. இப்போது நான் செய்து சேர்க்கிற ஆகாமியம் என் கணக்கு. அவர் கணக்கைக் காட்டி என் கணக்கை அழிக்க முடியாது.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில் இதுதான்: இளவரசர் கெட்டவர் இல்லை, ஆனாலும் கன்று செத்தது செத்ததுதான். தேர் ஏறுகிறவர், குறுக்கே கன்று வரும் என்று கன்று வருவதற்கு முன்பே நினைத்திருக்க வேண்டும். பிறகு பாடத்தை நிறுத்திவிட்டு, நடைபாதை இல்லாத வீதியில் எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி வலது பக்கமாக நடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அதுவும் அறநெறிப் பாடம்தான்.

முன்யோசனை எவ்வளவு இருந்தாலும் தவறு நேரலாம். நேர்ந்தால் நிறுத்த வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், பொலிசுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். எல்லாளன் வீதியில் இறங்கியதும் கற்களைத் திரும்ப வைத்ததும் அதே கடமைதான். ஆனால் கல்லைத் திரும்ப வைக்கலாம், உயிரை வைக்க முடியாது. திருவாரூரில் கன்றை எழுப்பித் தர இறைவன் வந்தார். பதுளை வீதிகளில் அந்த அருளை நம்பி வண்டி ஓட்ட எனக்கு உரிமை இல்லை. அவர் எனக்குக் கண்ணும் புத்தியும் படிக்க ஒரு புத்தகமும் முன்பே தந்துவிட்டார்.