வாசலில் நின்றவர்

அண்மையில் ஒரு மாலை, குடும்பத்தில் பொறுமை பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பங்குமனை வாசலில் ஒரு வயோதிபத் தாய் வந்து நின்றார். "வேலையாய் இருக்கிறன், நாளைக்கு வாங்கோ அம்மா" என்று அனுப்பிவிட்டேன். அதன்பின் ஒரு வரிதானும் ஓடவில்லை.

ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் நினைவுக்கு வந்தார். 1862இல் அவரை மணந்தபோது சோபியாவுக்கு வயது 18. பின்னாளில் 13 பிள்ளைகளுக்குத் தாயான அவர், கணவரின் அடித்தல் திருத்தல் நிறைந்த தாள்களைத் திரும்பத் திரும்பப் படியெடுத்துக் கொடுத்தார். 'போரும் அமைதியும்' நாவலில் அந்தக் கைகளின் உழைப்பும் உண்டு. ஆயினும், மனிதர் அனைவரையும் நேசிக்கச் சொன்ன அந்த மேதையின் இல்லத்தில் அமைதி நிலைக்கவில்லை. 1910இல், தமது 82ஆவது வயதில், இரவோடிரவாக வீட்டைவிட்டு வெளியேறியவர் அஸ்தாபோவோ புகையிரத நிலையத்தில் நோயுற்றுக் கிடந்தார். தேடி வந்த மனைவி, அவர் நினைவிழந்த பின்னரே உள்ளே அனுமதிக்கப்பட்டார்.

யாரில் பிழை என்று தீர்ப்பிட நாம் யார்? ஒன்று மட்டும் தெரிகிறது. சமுதாயத்தை நேசிப்பது எளிது. அது வேளைகெட்ட வேளையில் நம் கதவைத் தட்டுவதில்லை. வீட்டாரும் அயலாருமே தட்டுகிறார்கள்.

அதற்காக எழுதாமல் விடுவதா? இல்லை. டால்ஸ்டாய் எழுதியிராவிட்டால் உலகத்துக்கே இழப்பு. ஆனால் எழுதவும் பாடவும் வரையவும் நாம் எடுக்கும் நேரம், நம்மோடு வாழ்பவர்களிடம் பெற்ற கடன். கடன்பட்டவன் அதை மறக்கலாகாது.

மறுநாள் அந்தத் தாயைத் தேடிப் போனேன். கோபித்துக்கொண்டு போன மகனுக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்கவே அவர் வந்திருந்தார். முற்றத்தில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.