சோதனை முடிவும் ஓர் அமானிதம்

அமானிதம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குப் பணமும் நகையுந்தான் நினைவுக்கு வருகின்றன. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும் நகைப் பெட்டி, சபுராளி ஒருவர் ஊருக்கு வருகிறவரிடம் தம் வீட்டில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பும் தொகை - இவற்றில் ஒரு காசு குறைந்தாலும் மறுமையில் பதில் சொல்ல வேண்டுமே என்று அஞ்சுகிறோம். அந்த அச்சம் நல்லதே. ஆனால், அமானிதங்களை அவற்றுக்கு உரியவரிடம் ஒப்படைக்குமாறு திருமறை (4:58) இடும் கட்டளை பணத்தோடு நின்றுவிடுவதில்லை. செய்தியும் அமானிதமே. ஒருவருடைய உடலைப் பற்றிய செய்தியோ, அதனினும் பெரிய அமானிதம்.

இந்தச் செய்தி இன்று புதிய வாசல் வழியாக நம் வீடுகளுக்குள் வருகிறது. பூதலூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருப்போர், பெரிய சோதனை என்றால் ரயிலோ பஸ்ஸோ ஏறித் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போவது வழக்கம். இரத்தம் கொடுக்க ஒரு நாள், முடிவுத் தாளை வாங்க இன்னொரு நாள் என்று இரண்டு பயணம். நடவுக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் இரண்டு நாள் வேலை கெட்டுவிடும். இன்று பல சோதனைகளுக்கு அந்த இரண்டாவது பயணம் தேவையில்லை. கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது. அதைத் தொட்டால் முடிவுத் தாள் அப்படியே திரையில் விரிகிறது. வயலில் நின்றபடியே பார்த்துக் கொள்ளலாம். இது இறைவன் தந்த வசதி என்பதில் ஐயமில்லை.

அரசும் இதற்கு வழி செய்திருக்கிறது. 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கி வைக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின்படி, விரும்புகிறவர் 14 இலக்கங்கள் கொண்ட சுகாதார எண் ஒன்றைப் பெறலாம். சோதனை முடிவுகளையும் மருந்துச் சீட்டுகளையும் அதனோடு இணைத்துத் தாமே பார்க்கலாம். அவருடைய சம்மதம் பெற்றே அவை வேறொரு மருத்துவமனைக்குக் காட்டப்பட வேண்டும் என்பது திட்டத்தின் விதி. இதற்கு முன்பே, இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள், உள்நோயாளிகளின் குறிப்புகளை மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் கூறியிருந்தன. ஆக, உடல் யாருடையதோ அவருக்கே அதைப் பற்றிய செய்தியும் உரியது என்பதை நாட்டின் விதிகளே ஒப்புக்கொண்டுவிட்டன.

நம் வீடுகள் அதை ஒப்புக்கொண்டுவிட்டனவா? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அறுபத்தைந்து வயதுப் பெரியவர். அவரிடம் பட்டன் அழுத்தும் பழைய கைப்பேசிதான் இருக்கிறது. சோதனைக் கூடத்தில் போன் நம்பர் கேட்டபோது, வளைகுடா நாட்டில் வேலை செய்யும் மகனின் நம்பரைக் கொடுக்கிறார்கள். தொண்டையிலிருந்து சிறிது சதையெடுத்துச் செய்த சோதனையின் முடிவு அந்த மகனுக்குப் போகிறது. புற்று நோய் என்று அதில் கண்டிருக்கிறது. மகன் தாய்க்குச் சொல்கிறான். தாய் மகளுக்குச் சொல்கிறாள். மருமகனுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் தெரிந்துவிடுகிறது. தெரியாதவர் ஒருவரே, நோய்க்கு உரியவர். "முடிவு என்ன தம்பி ஆச்சு?" என்று அவர் கேட்கிறார். "ஒண்ணுமில்லத்தா, சாதாரணப் புண்ணுதான்" என்று மகன் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி அழுகிறான்.

இந்த மகனைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? அவன் மறைத்தது பாசத்தால். எனினும், பாசத்தோடு செய்யப்படுவதெல்லாம் நியாயமாகிவிடாது. ஒருவருடைய பணத்தை, 'கொடுத்தால் வீணாக்கிவிடுவார்' என்று நாமே வைத்துக்கொண்டால் அதை மோசடி என்கிறோம். அவருடைய ஆயுளைப் பற்றிய செய்தியை, 'சொன்னால் தாங்கமாட்டார்' என்று வைத்துக்கொண்டால் அதற்கு மட்டும் அன்பு என்று பெயரிடுவது எப்படி?

அந்தப் பெரியவருக்குச் செய்து முடிக்க வேண்டிய காரியங்கள் இருக்கக்கூடும். எழுத்தில் இல்லாத கைமாற்று, உடன்பிறந்தாளுக்குத் தருவதாகச் சொல்லித் தராமலே தள்ளிப்போன நிலத்தின் பங்கு, பேச்சு நின்றுபோன ஒரு நண்பர், களாவாகக் கிடக்கும் நோன்பு - இவையெல்லாம் அவர் மனத்தில் மட்டுமே எழுதப்பட்டிருக்கும் கணக்குகள். வஸிய்யத் செய்ய வேண்டிய விஷயம் உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (புகாரி, முஸ்லிம்) நமக்குச் சொல்கிறது. 'சாதாரணப் புண்' என்று நம்பியிருப்பவர் எதற்காக அவசரப்படுவார்? நாம் மறைப்பது நோயை மட்டுமன்று. அவருக்கு மிஞ்சியுள்ள அவகாசத்தையும் சேர்த்தே மறைக்கிறோம்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் இறுதி நாட்களை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 23-ல், பஜ்ருத் தொழுகையில் அவர்கள் குத்தப்பட்டார்கள். மருத்துவர் வரவழைக்கப்பட்டார். முதலில் கொடுத்த பானம் காயத்தின் வழியே வெளியேறியது. இரத்தமாக இருக்குமோ என்ற ஐயத்தில் பாலைக் கொடுத்தார்கள். பாலும் வெண்மை மாறாமல் வெளியே வந்தது. அன்றைய நாளின் சோதனை அதுதான்; அதன் முடிவும் கண்ணெதிரே தெரிந்துவிட்டது. மருத்துவர் அதை மறைக்கவில்லை. செய்ய வேண்டிய வஸிய்யத்தைச் செய்துவிடும்படி கலீஃபாவிடமே சொன்னார். உமர் (ரலி) அவர்களும் வருந்தவில்லை. இவர் உண்மை சொன்னார், வேறு விதமாகச் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன் என்ற கருத்தில் பேசியதாக வரலாற்றில் காண்கிறோம்.

அந்த உண்மை தெரிந்ததால் என்னென்ன நடந்தன? தம் மகனை அழைத்துக் கடனைக் கணக்கிடச் சொன்னார்கள். சுமார் 86,000 திர்ஹம் என்று தெரிந்தது. அதை யார் யாரிடம் கேட்டுப் பெற்று அடைக்க வேண்டும் என்று வரிசை சொன்னார்கள். ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஆளனுப்பி, நாயகத்தின் அருகே அடங்க அனுமதி கேட்டார்கள். அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரை நியமித்தார்கள். அன்று மருத்துவர், 'ஒன்றுமில்லை, சரியாகிவிடும்' என்று சொல்லி அனுப்பியிருந்தால் இவற்றில் எத்தனை நிறைவேறியிருக்கும்?

"அவர் உமர், எங்கள் அத்தா சாதாரண மனிதர். நெஞ்சு வெடித்துவிடும்" என்று சிலர் சொல்லக்கூடும். இதை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல், சோதனை முடிவுகளைத் தாமதமின்றி நோயாளிக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே நோயாளி பார்த்துவிடும் நிலை இதனால் ஏற்பட்டது. அங்கே நான்கு பெரிய மருத்துவ நிலையங்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கேட்டு 2023-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முடிவு இயல்புக்கு மாறாக வந்தவர்களிடையே கவலை கூடியிருந்தது உண்மை. ஆயினும், கேட்கப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர், முடிவு உடனே எங்கள் கைக்கு வருவதையே விரும்புகிறோம் என்றார்கள். தாங்கமாட்டார் என்று நாம் நினைப்பவர்கள், தாங்கிக்கொள்கிறோம், தெரிந்தாக வேண்டும் என்கிறார்கள். நாட்டுக்கு நாடு மனம் மாறலாம். ஆனால் நம் பெரியவர்களிடம் இந்தக் கேள்வியை நாம் கேட்டதே இல்லையே!

எனவே முதலில் கேட்க வேண்டும். அதுவும் சோதனைக்கு முன்பே கேட்க வேண்டும். "அத்தா, முடிவு வந்தால் உங்களிடம் நேராகச் சொல்லட்டுமா, இல்லை நாங்களே டாக்டரிடம் பேசிக்கொள்ளட்டுமா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. "எனக்கு எதுவும் வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொன்னால், அதுவும் அவருடைய உரிமையே. அப்போது அவர் நம்மை நம்பி ஒப்படைக்கிறார், நாம் பறித்துக்கொள்வதில்லை. சொல்வதென்று முடிவானால் போனில் வெடுக்கென்று போட்டு உடைக்க வேண்டாம். மருத்துவர் முன்னிலையில், பிரியமானவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, சிகிச்சை என்ன உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முறையில் இரக்கம் காட்டலாம். உண்மையில் கைவைக்கக் கூடாது.

இந்த உரிமைக்கு ஓர் எல்லையும் உண்டு. தம் நோய் பிறருக்குத் தொற்றும் என்று அறிந்தவர், 'இது என் செய்தி' என்று மூடிவைத்து மணமுடிக்கலாகாது. எய்ட்ஸ் கிருமி தொற்றிய ஒருவருடைய செய்தி வெளிப்பட்டு அவர் திருமணம் நின்றுபோன வழக்கில், 1998-ல் உச்ச நீதிமன்றம், மணமகளாக வரவிருந்த பெண்ணின் நலமே முந்தியது என்று தீர்ப்பளித்தது. அமானிதம் பிறருக்குக் கேடு செய்யும் கருவியாகிவிடக் கூடாதன்றோ!

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. மனைவியின் சோதனை முடிவு கணவனின் கைப்பேசிக்கும், மருமகளின் முடிவு மாமியார் கைக்கும் போகும் வீடுகள் பல. குழந்தைப் பேறு பற்றிய சோதனை என்றால் வீடே கூடி விசாரணை நடத்துகிறது. குறை ஆணிடத்தில் என்று முடிவு வந்தால் அது அப்படியே அமுங்கிப்போகிறது. பெண்ணிடத்தில் என்றால் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. பிறர் வீட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதைத் திருமறை (24:27) தடுக்கிறது. அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்ற விளக்கத்தை ஹதீஸில் (புகாரி, முஸ்லிம்) காண்கிறோம். கதவு இடுக்கில் எட்டிப் பார்ப்பது குற்றமென்றால், பிறருடைய இரத்தத்தின் கணக்கை அவர் அறியாமல் திறந்து பார்ப்பதும், அதை வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர் குழுவுக்கு அனுப்பி வைப்பதும் எதில் சேரும்? நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்வோம்.

இனி, செய்திக்கு உரியவரின் கடமையையும் பார்க்க வேண்டும். முடிவு என் கைக்கு வந்துவிட்டது என்பதால் அதன் பொருளும் எனக்கு வந்துவிட்டதாகாது. தாளில் ஒரு எண் தடித்த எழுத்தில் இருந்தாலே பலருக்கு உயிர் போய்விடுகிறது. பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் இயல்பு அளவு பெரும்பாலும் எப்படி வகுக்கப்படுகிறது தெரியுமா? ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரை உள்ளடக்கும்படி. அதாவது நோயே இல்லாத நூறு பேரில் ஐந்து பேர் அந்த வரம்புக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளைச் செய்துகொண்டால், நல்ல உடம்புக்காரருக்கும் ஏதாவது ஒன்று வரம்பு மீறிக் காட்டும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபதுக்கு மேல். இரத்தம் எடுக்கும்போது அதன் அணுக்கள் உடைந்துபோனால் பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும். இதற்கு மாறாக, எல்லாம் வரம்புக்குள் இருந்தும் நோய் இருக்கக்கூடும். இதையெல்லாம் எடைபோடத் தெரிந்தவர் மருத்துவர்.

பிரயாணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவரின் வரலாறு ஹதீஸில் (அபூதாவூத்) வருகிறது. குளிப்புக் கடமையானபோது, தயம்மும் செய்யலாமா என்று அவர் உடன் வந்தவர்களைக் கேட்டார். தெரியாமலேயே, கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். இதைக் கேட்டு நாயகம் (ஸல்) அவர்கள் மிகவும் கடிந்துகொண்டு, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்று உணர்த்தினார்கள். கைப்பேசியைப் பார்த்துவிட்டு மருந்தை நிறுத்துகிறவரும், 'சர்க்கரை குறைந்துவிட்டது' என்று தாமே முடிவு கட்டி, மாத்திரை நேரத்தை மாற்றாமல் ரமலான் நோன்பைத் தொடங்குகிறவரும், 'எனக்கு நோன்பே இல்லை' என்று தாமே சலுகை எடுத்துக்கொள்கிறவரும் இந்த வரலாற்றை மறக்கலாகாது. எண்ணைப் பார்ப்பது நம் உரிமை. அதன் பொருளைக் கேட்பது நம் கடமை.

செய்ய வேண்டியது கடினமானதன்று. சோதனைக் கூடத்தில் நம்பர் கேட்கும்போது, யாருடைய நம்பர் என்பதை நோயாளியே சொல்லட்டும். அவரிடம் ஏற்ற கைப்பேசி இல்லையென்றால், தாம் நம்பும் ஒருவரை அவரே குறிப்பிடட்டும். அப்படிக் குறிப்பிடப்பட்டவர், முடிவு வந்ததும் முதலில் அவருக்கே, "வந்துவிட்டது, திறக்கட்டுமா?" என்று கேட்கட்டும். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லிவிட வேண்டாம். தாளைப் பெற்றுக்கொள்ளும் உரிமையைப் போலவே, அதை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டும் பொறுப்பையும் அந்தக் குடும்பம் ஏற்றுக்கொள்ளட்டும்.

நகைப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது பூட்டைக்கூடத் திறந்து பார்க்காமல் கொடுத்தோம் என்று பெருமைப்படும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அந்த நாணயத்தைக் கைப்பேசித் திரையிலும் காட்டுவோமாக. நம்மை நம்பி வந்த செய்திகளை உரியவரிடம் கனிவோடு ஒப்படைக்கும் மனத்தையும், கசப்பான செய்தி நமக்கே வரும் நாளில் அதைத் தாங்கும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.